மரந் தறித்தலும் தழைக்க விடுதலும்

மரம் நடுதல் நன்று என்பதை மறுப்பார் இலர். விழா எடுக்குந்தோறும் ஒரு கன்றை நாட்டி நீரூற்றுதல் எமது கல்விக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆயின், நட்ட மரத்தை எப்பொழுது வெட்டலாம், எவ்விடத்தில் வெட்டல் வேண்டும், வெட்டியபின் அதற்குச் செய்யவேண்டுவது யாது என்பன பற்றி எவரும் மேடையேறிப் பேசுவதில்லை. ஒரு சாரார் மரத்திற் கத்தி வைப்பதே பாவம் என்பர். மற்றொரு சாரார், காணி என்னுடையது, மரமும் என்னுடையது, கேட்பதற்கு நீ யார் என்பர். இவ்விரு கூற்றுக்கும் நடுவே ஒரு நெறி உளது. எமது முன்னோர் அதனை ஏட்டில் எழுதி வைத்திலர். வேலியிலும் தோட்டத்திலும் செய்து காட்டினர். அந்நெறியை இன்றைய அறிவோடு சேர்த்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை இப்பொழுது பேசுதற்குக் காரணம் உண்டு. 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளிற் பல, 2009 ஆம் ஆண்டின் பின்னர் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆளரவமற்றுக் கிடந்த வளவுகளிலே, வீட்டுச் சுவரைப் பிளந்து ஆலும் அரசும் நின்றன. கிணற்றடியிலே பெயரறியாப் பற்றைகள் மூடிக் கிடந்தன. மீண்டவர் முதலிற் கையிலெடுத்தது கத்தியும் கோடரியுமே. பிறநாடுகளில் வாழும் உறவினரோ, தமது காணியைத் துப்புரவாக்கும்படி தொலைபேசியிற் சொல்லிவிடுகின்றனர். துப்புரவு என்னும் சொல்லுக்குக் கூலிக்கு வருபவர் கொள்ளும் பொருள் பெரும்பாலும் ஒன்றே: நின்றன யாவும் விழவேண்டும் என்பது. எதனை வைத்திருத்தல் வேண்டும், எதனைத் தறித்தல் வேண்டும், எது தறித்தாலும் தழைக்கும் என்று உரிமையாளர் அறிந்திருப்பாராயின், ஒரே நாளிற் பாலையாகும் வளவுகள் பல தப்பிப் பிழைக்கும்.

தறித்த மரம் தழைப்பது எவ்வாறு

மரம் ஒன்றை அடியில் வெட்டினால் அது இறந்துவிட்டதென எண்ணுகிறோம். உண்மையில் இறப்பது நிலத்தின் மேல் நின்ற பகுதியே. மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தொகுதி உயிரோடிருக்கிறது. இலைகள் ஆண்டாண்டாக ஆக்கிய மாப்பொருள் அதனுட் சேமிக்கப்பட்டிருக்கிறது. அடிக்கட்டையின் பட்டைக்குக் கீழே உறங்கும் அரும்புகள் பல உள. தலை இருக்கும்வரை அதிலிருந்து கீழிறங்கும் வளர்ச்சிப் பொருள் அவ்வரும்புகளை அடக்கி வைத்திருக்கும். தலை நீங்கியவுடன் அடக்கு நீங்குகிறது, அரும்புகள் விழிக்கின்றன. ஆழவேரும் சேமிப்பும் ஏற்கெனவே உள்ளமையால், அத்துளிர்கள் விதையில் முளைத்த கன்றைப் பார்க்கிலும் பன்மடங்கு விரைவாக வளரும்.

இவ்வாறு அடியில் தறித்து மறுபடியும் தழைக்க விடுதலை இக்கட்டுரையிலே தழைவெட்டு என்போம். ஆடுமாடு எட்டாத உயரத்தில் தலையை மாத்திரம் வெட்டித் தழைக்க விடுதலை மொட்டைவெட்டு என்போம். இவை எமக்கு மாத்திரம் உரியன அல்ல. இங்கிலாந்தின் சஃபொக் பகுதியிலுள்ள பிராட்ஃபீல்ட் காடு 1252 ஆம் ஆண்டு முதலாகத் தழைவெட்டு முறையிற் பேணப்பட்டு வருவதாக ஆவணங்கள் உள. முறையாக வெட்டப்படும் மரம், வெட்டப்படாத தன் இனத்து மரத்திலும் நெடுங்காலம் வாழ்வதுண்டு என்பது அங்கு கண்ட உண்மை. தலைப்பாரம் மிகுந்து காற்றில் முறியும் இடர் அதற்கு இல்லாமையே காரணம்.

தழைப்பனவும் தழையாதனவும்

மரங்கள் எல்லாம் இவ்வாறு தழைக்கும் என்று கருதுதல் தவறு. குடாநாட்டில் நாம் நாளாந்தம் காணும் மரங்களிற் பூவரசு, வேம்பு, முருங்கை, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை, புளி, தேக்கு ஆகியன நன்கு தழைப்பன. சவுக்கு நன்கு தழையாது. பனை, தென்னை, கமுகு ஆகியன தழைக்கவே மாட்டா. இம்மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள். இவற்றின் வளர்ச்சி முழுதும் உச்சியிலுள்ள ஒரே குருத்தில் அடங்கியுளது. பட்டைக்குள் உறங்கும் அரும்புகள் இவற்றுக்கு இல்லை. பனையின் வட்டை வெட்டியவன் பனையைக் கொன்றவனே. அடியில் தறித்தாலும் முடிவு அதுவே.

ஆகவே பனையைத் தறிக்குமுன் பூவரசைத் தறிப்பதிலும் பன்மடங்கு சிந்தித்தல் வேண்டும். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்க முடியுமா என்று எமது ஊரிற் கேட்பதுண்டு. காத்திருந்து பயன்கொள்ள இயலாத அளவுக்குப் பனையின் வளர்ச்சி மெதுவானது என்பதே அதன் கருத்து. பனை பூத்துக் காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். வைரம் ஏறிய மரமாக மேலும் பல ஆண்டுகள் வேண்டும். நடந்த போரிலே பதுங்குகுழிகளுக்கும் காப்பரண்களுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகளின் இடம் இன்னும் நிரம்பவில்லை. இன்று ஒரு பனையைத் தறிப்பவர், அதன் பயனைத் தம் பிள்ளையின் பங்கிலிருந்து எடுக்கிறார் என்பதை உணர்தல் வேண்டும். ஓலை வேண்டுமாயின், முற்றிய ஓலைகளை வெட்டிக் குருத்தையும் அதனைச் சூழ்ந்த இளவோலைகளையும் விட்டுவிடுதல் வேண்டும். ஒரு பனையைத் தறிப்பது தவிர்க்க முடியாததாயின், அவ்வாண்டு மாரிக்கு முன்னரே பனங்கொட்டைகள் சிலவற்றை எல்லையோரமாகப் புதைத்து, கிழங்குக்குக் கிண்டாது வடலியாக விடுதல் முறையாகும்.

வேலியும் குழையும்

எமது உயிர்வேலிகளே தழைவெட்டின் பள்ளிக்கூடங்கள். கதியால் நட்டு வேலியடைத்தவன் எல்லையை மாத்திரம் காக்கவில்லை. அவ்வேலியிலிருந்தே ஆட்டுக்குக் குழையும், அடுப்புக்கு விறகும், அடுத்த வேலிக்குக் கதியாலும், தோட்டத்திற்குப் பசளையும் பெற்றான். புகையிலைத் தோட்டத்திலே குழை தாழ்த்தல் எத்துணை முக்கியமான வேலை என்பதைக் கமக்காரர் வீட்டிற் பிறந்தோர் அறிவர். பூவரசங் குழை மண்ணுள் உக்கும்போது செம்மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் தன்மை மிகுகிறது. ஆறில்லாத, கிணற்றுநீரையே நம்பி வாழும் நாட்டுக்கு இது சிறிய பேறன்று.

மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சீமைக்கிளுவை, காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளின் துணையால் நிலைப்படுத்தும் அவரையினத்தைச் சேர்ந்தது. அதனால் அதன் இலை நைதரசன் நிறைந்த பசளையாகிறது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கையில் 2005 ஆம் ஆண்டில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோதும், 2022 ஆம் ஆண்டிற் சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றபோதும், உயிர்வேலி வைத்திருந்தோர் வீட்டிற் குழையும் விறகும் இருந்தன. வேலியைப் பிடுங்கி மதில் எழுப்பியோர் இவ்விரண்டையும் விலைக்கு வாங்கும் நிலையில் இருந்தனர். மதில் வேண்டாம் என்று கூறுதல் எமது கருத்தன்று. மதிலை எழுப்புவோர் அதன் உட்புறத்தே ஒரு வரிசைக் கதியாலேனும் நட்டு வைத்தல் நன்று என்பதே கருத்து.

வெட்டும் காலமும் இடமும்

தழைவெட்டுக்கு உகந்த காலம் எமது நாட்டிலே ஆவணி, புரட்டாதி மாதங்களாகும். கோடையின் முடிவிலே வெட்டப்பட்ட அடிக்கட்டை சில கிழமைகளில் அரும்பும். அரும்பும் வேளையில் ஐப்பசி மழை வந்து சேரும். வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தைத் துளிர்கள் முழுதும் பயன்படுத்திக்கொள்ளும். அடைமழைக் காலத்தில் வெட்டினால் வெட்டுவாய் காயாது பூஞ்சணம் பற்றுதற்கு இடமாகும். மாசி, பங்குனியில் வெட்டினால் இளந்துளிர் தொடர்ந்துவரும் வரட்சியில் வாடும். கதியால் நடுதற்கோ மழை தொடங்கும் ஐப்பசியே ஏற்றது. ஆகவே ஆவணி முடிவில் வேலியை வெட்டத் தொடங்கி, நல்ல தடிகளை நிழலிற் சார்த்தி வைத்து, முதல் மழையோடு நடுதல் ஒரே வேலையின் இரு பகுதிகளாக அமையும்.

தழைவெட்டில் அடிக்கட்டையை நிலத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குல உயரத்தில் விடுதல் வேண்டும். உயரமாக விட்ட கட்டையின் மேற்புறத்தில் எழும் துளிர்கள் பிடிப்புக் குறைந்தவை. பருத்தபின் காற்றிற் பிளந்து விழும். நிலத்தை ஒட்டி எழுவன நாளடைவில் வேரோடு உறுதியாக இணையும். வெட்டுவாய் சிறிது சரிவாக இருத்தல் வேண்டும்; மழைநீர் தேங்காது வழிந்தோடும். கருவி கூரியதாயிருத்தல் இன்றியமையாதது. மழுங்கிய கத்தியால் அடித்துப் பட்டையைக் கிழித்தால், துளிர்க்கவேண்டிய அரும்புகளே அப்பட்டையோடு போய்விடும். ஆடுமாடு உலாவும் வளவாயின் தழைவெட்டை விடுத்து, ஆறடி உயரத்திற்கு மேலே மொட்டைவெட்டுச் செய்தல் வேண்டும். அன்றேல் இளந்துளிரை ஆடு கடித்துக் கடித்து, வேரிலுள்ள சேமிப்புத் தீர்ந்து, மரம் உண்மையாகவே பட்டுப்போகும்.

இளமரமும் நடுவயது மரமுமே நன்கு தழைக்கும். முதிர்ந்து பட்டை தடித்த மரத்தின் அரும்புகள் வெளிப்பட இயலாது அடங்கிவிடும். எனவே, ஐம்பது ஆண்டு வெட்டப்படாது நின்ற வேம்பைத் திடீரென அடியில் தறித்துவிட்டு, அது தழைக்கும் என்று காத்திருத்தல் கூடாது. அத்தகைய மரத்திற்குக் கொப்பு நீக்குதலே உகந்தது.

தறித்தபின் துளிர்கள் கூட்டமாக எழும். விறகு வேண்டுமாயின் அவற்றுள் வலியன நான்கைந்தை விட்டு ஏனையவற்றை நீக்குக. தடியோ தூணோ வேண்டுமாயின் ஒன்றிரண்டை மாத்திரம் விடுக. குழையே வேண்டுமாயின் ஒன்றையும் நீக்கவேண்டுவதில்லை. சீமைக்கிளுவையை நட்டு ஓராண்டு நிறைந்தபின் முதல்வெட்டு வெட்டலாம். பின்னர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டலாம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டாதிருத்தலே இம்முறையின் உயிர்நாடி. வளவொன்றில் இருபது பூவரசுகள் உள. அவை விறகுக்குத் தேற நான்கு ஆண்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஐந்து மரமாக வெட்டி வந்தால், நான்காம் ஆண்டின் முடிவில் இருபதும் வெட்டப்பட்டிருக்கும். ஐந்தாம் ஆண்டில் முதல் ஐந்தும் மீண்டும் ஆயத்தமாயிருக்கும். வளவில் எந்நாளும் நிழல் இருக்கும், பறவைகளுக்கும் இடமிருக்கும், அடுப்புக்கும் குறைவிராது. இது வட்டியைச் செலவிட்டு முதலைக் காத்தல் போன்றது.

கொப்பு நீக்குதல்

வீட்டுக் கூரைக்கு மேலாகவும் கிணற்றுக்கு மேலாகவும் நீண்ட கொப்பை வெட்டும்போது நேரும் பிழைகள் இரண்டு. மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டுதல் முதலாவது. பாரத்தால் கொப்பு முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் நெடுந்தூரம் உரித்துக்கொண்டு விழும். இதனைத் தவிர்க்க மூன்று வெட்டுகள் வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் கொப்பின் காற்பங்கு ஆழத்திற்கு முதலில் வாளால் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று அப்பால் மேற்புறமிருந்து அறுத்தால் கொப்புத் தீங்கின்றி விழும். எஞ்சிய முண்டை மூன்றாம் வெட்டால் நீக்குதல் வேண்டும்.

அம்மூன்றாம் வெட்டிலேயே இரண்டாவது பிழை நேர்கிறது. அழகாயிருக்கும் என்று கருதி அடிமரத்தோடு ஒட்ட அறுத்துவிடுகின்றனர். கொப்பு அடிமரத்தோடு சேருமிடத்திற் கழுத்துப் போன்ற ஒரு தடிப்பு உண்டு. காயத்தை அடைக்கும் ஆற்றல் அதனிடத்தேதான் உளது. அத்தடிப்பை விட்டு அதற்குச் சற்று வெளியே அறுத்தல் வேண்டும். அமெரிக்க வனத் திணைக்களத்தைச் சேர்ந்த அலெக்ஸ் சைகோ என்னும் அறிஞர், மரங்களை ஆயிரக்கணக்கிற் பிளந்து ஆராய்ந்து இதனைத் தெளிவுபடுத்தினார். மரத்தின் காயம் எமது உடற்காயம் போல் ஆறுவதில்லை. பழுதுற்ற பகுதியை மரம் உள்ளே சுவரெழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது என்பது அவர் கண்ட உண்மை. வெட்டுவாயிற் தாரோ மையோ பூசுதல் உக்கலைத் தடுப்பதில்லை என்றும் அவர் காட்டினார். சுத்தமான வெட்டும் காற்றோட்டமுமே அதற்கு மருந்து.

முழுமரத்தைத் தறிக்கும்போது

மரத்தை விழுத்தவேண்டிய திசையை முதலிலே தீர்மானித்தல் வேண்டும். அத்திசையில், மரத்தின் குறுக்களவிற் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு ஆழத்திற்கு ஆப்பு வடிவான வாய் ஒன்றை வெட்டுக. பின்னர் எதிர்ப்புறத்தில், அவ்வாயின் அடிமட்டத்திலும் சற்று உயரத்தில் அறுத்து வருக. இரு வெட்டுக்கும் இடையே குறுக்களவிற் பத்திலொரு பங்கு அறுபடாத பட்டியாக எஞ்சுதல் வேண்டும். அப்பட்டி கதவின் பிணைச்சல் போல் நின்று, மரத்தைக் குறித்த திசையிற் சாயச் செய்யும். அதனையும் அறுத்தெறிந்தால் மரம் எத்திசையிலும் விழும். வெட்டுபவர் பின்புறம் சாய்வாக ஒதுங்கும் வழியை முன்னரே துப்புரவாக்கி வைத்தல் வேண்டும். மின்கம்பி அருகில் இருப்பின் மின்சார சபைக்கு அறிவியாது கத்தி வைத்தலாகாது. வீட்டை ஒட்டி நிற்கும் மரமாயின், தொழில் அறிந்தவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். மரத்திற் கூடுகள் உளவோ என்று முன்னரே பார்த்து, குஞ்சுகள் இருப்பின் அவை பறக்கும்வரை பொறுத்தல் அறமாகும்.

தறித்தபின் எஞ்சும் குழையையும் சுள்ளியையும் குவித்து எரித்தல் எமது ஊரிலே பரவிவிட்ட கெட்ட பழக்கம். தென்னையடியில் வட்டமாகக் கிடங்கு வெட்டி அவற்றைத் தாழ்த்தினால், இரண்டொரு மாரியில் அவை மண்ணாகும்.

சட்டமும் அயலும்

சொந்தக் காணியாயினும் எல்லா மரத்தையும் எண்ணியவாறு தறிக்க இயலாது. மரந் தறித்தலைக் கட்டுப்படுத்தும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியன அனுமதியின்றித் தறிக்கப்படலாகாதன. இவை உணவு தரும் மரங்கள் என்பது நினைத்தற்குரியது. பஞ்ச காலத்தில் இலங்கை மக்களின் வயிற்றைக் காத்தது பலா. அதனை நாடெங்கும் நடுவித்தமையாலேயே ஆதர் வி. தயஸ் என்பாரைச் சிங்கள மக்கள் பலா மாமா என்னும் பொருள்பட இன்றும் அழைக்கின்றனர். பெண்பனையோ எமக்குப் பனாட்டும் ஒடியலும் கிழங்கும் தருவது. அனுமதி வேண்டுவோர் கிராம அலுவலர் வாயிலாகப் பிரதேச செயலகத்தை நாடுதல் வழக்கம். பனை பற்றிய அறிவுரைக்கு 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை கைதடியில் உளது. தறித்த மரத்தை வாகனத்தில் ஏற்றிச் செல்லுதற்கும் பல இனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இவற்றைத் தறித்தபின் கேட்டறிதல் பயனற்றது.

எல்லையில் நிற்கும் மரம் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் வேலி வழக்குகள் எத்துணை தலைமுறைகளை விழுங்கின என்பதை எமது பழைய மாணவருட் சட்டத்தரணிகளாயுள்ளோர் நன்கு அறிவர். கதியால் ஒரு சாண் நகர்ந்தது என்று தொடங்கிய பகை, அண்ணன் தம்பியர் முகம்பாராது மாளும்வரை நீண்டதுண்டு. எல்லை மரத்தில் கத்தி வைக்குமுன் அயலவரை அழைத்து, எந்தக் கொப்பு, எந்த நாள், குழை யாருக்கு என்று பேசிக்கொள்ளுதல் செலவில்லாத காரியம். வெட்டிய குழையிற் பாதியை அவர் வீட்டு ஆட்டுக்கு அனுப்புதல் அதனினும் நன்று.

முடிவுரை

பிறநாட்டில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். காணியைத் துப்புரவாக்குக என்று சொல்லுமுன், அக்காணியில் நிற்கும் மரங்களின் பட்டியல் ஒன்றை ஊரிலுள்ள உறவினரிடம் எழுதிக் கேளுங்கள். நிற்கவேண்டுவன, தழைவெட்டுக்குரியன, முற்றாக நீக்கவேண்டுவன என அதனை மூன்றாக வகுங்கள். சுவரைப் பிளக்கும் ஆலங்கன்றும், கிணற்றுக்கட்டைக் குலைக்கும் அரசும் மூன்றாம் வகையிற் சேரும். வளவோரத்து வேம்பும் பூவரசும் இரண்டாம் வகையிற் சேரும். பனையும் பலாவும் முதலாம் வகையில் இருக்கட்டும். அப்பட்டியலில் இடப்படும் ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று பார்த்தே வகுக்கும்படி அவர்களைக் கேளுங்கள்.

இன்றைய மாணவர்க்கும் ஒரு சொல். நடுகை விழாவிலே கன்றை நட்டுப் படம் பிடித்தலோடு கடமை முடிவதில்லை. கொக்கச்சத்தகத்தைக் கையிலெடுத்து, எந்தக் கொப்பை எங்கே வெட்டுவது என்று தந்தையாரிடமும் பாட்டனாரிடமும் கேட்டறியுங்கள். அவ்வறிவு நூல்நிலையத்திற் கிடைப்பதரிது. அதனைக் கையிற் கொண்டவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எதிர்வரும் ஆவணியில் உமது வீட்டு வேலியில் ஒரே ஒரு பூவரசை முறைப்படி வெட்டிப் பாருங்கள். கார்த்திகையில் அதன் அடியிலே எழுந்து நிற்கும் துளிர்களை எண்ணிப் பார்த்து, வலியன எவையென நீரே தெரிந்து விடுங்கள்.